பறிக்க முடியாத செல்வம்

மனிதருக்கு உரிமைகள் பல உண்டு. அவற்றுள் சில, அரசு தருபவை. சில, பெற்றோர் தருபவை. சில, நாமே உழைத்துத் தேடிக்கொள்பவை. ஆனால் எவரும் தராமலே பிறவியோடு வருகின்ற உரிமைகளும் உண்டு என்றும், அவற்றை எவராலும் பறிக்க முடியாது என்றும் குடிமைப் பாடத்தில் படிக்கிறோம். இதைப் படித்த அன்று எங்கள் வகுப்பில் ஒரு மாணவி எழுந்து ஓர் ஐயம் கேட்டாள். உலகில் எத்தனையோ பேர் அடிமைகளாக விற்கப்பட்டார்களே, எத்தனையோ பேர் குற்றமின்றிச் சிறையில் வாடினார்களே, அப்படியிருக்க உரிமையைப் பறிக்க முடியாது என்று எப்படிச் சொல்லலாம் என்பதே அவள் கேள்வி. வகுப்பு அமைதியாயிற்று. எனக்கும் அது நியாயமான கேள்வியாகவே பட்டது. ஆசிரியை உடனே விடை கூறவில்லை. நூலகத்துக்குச் சென்று புனித ஜோசப்பின் பக்கிதாவின் வரலாற்றைப் படித்துவிட்டு வாருங்கள், விடையை நீங்களே சொல்லலாம் என்று பணித்தார். அவ்வாறு படித்ததன் பயனே இக்கட்டுரை.

டார்ஃபூரில் ஒரு சிறுமி

ஆப்பிரிக்காவின் வடகிழக்கே உள்ளது சூடான் நாடு. அதன் மேற்குப் பகுதிக்கு டார்ஃபூர் என்று பெயர். அங்குள்ள ஒல்கொசா என்னும் கிராமத்தில், 1869 ஆம் ஆண்டளவில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. தந்தை வசதி படைத்தவர். ஊர்த் தலைவரின் உடன்பிறந்தவர். வீடு நிறைய அண்ணன் தம்பிகளும் அக்காள் தங்கைகளும் இருந்தனர். துன்பம் என்றால் என்னவென்றே அறியாமல் அக்குழந்தை வளர்ந்தாள்.

அந்த நாளில் சூடான் எகிப்தின் ஆட்சியில் இருந்தது. அடிமை வணிகம் கூடாது என்று சட்டம் எழுதப்பட்டிருந்தும், தொலைவில் இருந்த கிராமங்களில் அச்சட்டம் செல்லவில்லை. ஆயுதம் தாங்கிய வணிகர்கள் ஊருக்குள் புகுந்து கையில் அகப்பட்டவர்களைப் பிடித்துச் செல்வர். அப்படி ஒரு நாள் சிறுமியின் மூத்த சகோதரியைக் கவர்ந்து சென்றுவிட்டனர். அன்று வீட்டில் எழுந்த அழுகுரலைப் பக்கிதா தம் முதுமையிலும் மறக்கவில்லை.

சில ஆண்டுகள் கழித்து அவளுடைய முறை வந்தது. அப்போது அவளுக்கு ஏழு, எட்டு வயதிருக்கும். தோழி ஒருத்தியுடன் ஊருக்குப் புறத்தே வயல் வெளியில் நடந்துகொண்டிருந்தாள். அந்நியர் இருவர் எதிர்ப்பட்டனர். தோழியை ஏதோ சொல்லி அனுப்பிவிட்டு, காட்டோரத்தில் வைத்திருக்கும் ஒரு மூட்டையை எடுத்து வரும்படி இவளைக் கேட்டனர். பெரியவர்கள் சொன்னால் கேட்க வேண்டும் என்று வளர்க்கப்பட்ட குழந்தையல்லவா? ஓடிச் சென்றாள். பின்னாலேயே வந்தவர்கள் அவளைப் பற்றிக்கொண்டு, கத்தியைக் காட்டி மிரட்டினர். வாய் திறந்து கத்தவும் அவளால் முடியவில்லை.

உன் பெயர் என்ன என்று கேட்டனர். அச்சத்தால் நா எழவில்லை. பெற்றவர்கள் ஆசையாய் இட்ட பெயர் அந்தக் கணத்தோடு மறைந்தது. அவர்களே அவளைப் பக்கிதா என்று அழைத்தனர். அரபு மொழியில் அதற்குப் பேறு பெற்றவள், அதிருஷ்டசாலி என்று பொருள். சங்கிலி பூட்டிய குழந்தைக்கு அதிருஷ்டசாலி என்று பெயர்! தன் உண்மைப் பெயரை அவள் பின்னர் எவ்வளவு முயன்றும் நினைவுக்குக் கொண்டுவர இயலவில்லை. இன்றுவரை அது எவருக்கும் தெரியாது.

கைமாறிய வாழ்வு

கடத்தியவன் அவளை ஓர் இருட்டறையில் ஏறத்தாழ ஒரு மாதம் பூட்டி வைத்திருந்து, பிறகு அடிமை வணிகனிடம் விற்றான். அவ்வணிகனிடம் அதே வயதுச் சிறுமி ஒருத்தியும் இருந்தாள். ஒரு நாள் காவல் தளர்ந்த வேளையில் இரு குழந்தைகளும் கைகோத்துக்கொண்டு ஓடினர். இரவெல்லாம் காட்டில் ஓடினர். கொடிய விலங்குக்குப் பயந்து மரத்தின் மேல் ஏறி ஒளிந்திருந்தனர். மறுநாள் வழியில் கண்ட ஒருவன், வீட்டில் கொண்டுபோய்ச் சேர்ப்பதாக இனிமையாய்ப் பேசி அழைத்துச் சென்று, ஆட்டுப் பட்டியில் சங்கிலியால் கட்டிப்போட்டான். சில நாள்களில் அவனும் அவர்களை வேறொரு வணிகக் கூட்டத்திடம் விற்றுவிட்டான்.

எல் ஒபைத் நகரத்தை அடையும் வரை அவள் வெறுங்காலுடன் நடந்த தூரம் ஏறத்தாழ 960 கிலோமீட்டர் என்று வரலாற்றில் எழுதியிருக்கிறார்கள். நம்மில் பலர் பள்ளிப் பேருந்து பத்து நிமிடம் தாமதித்தால் கால் வலிக்கிறது என்கிறோம்.

எல் ஒபைத்தில் ஒரு செல்வர் அவளை வாங்கித் தம் பெண் மக்களுக்குப் பணி செய்ய வைத்தார். அங்கே ஒரு நாள் ஒரு பூச்சாடி கை தவறி உடைந்தது. அந்த வீட்டு மகன் அவளைச் சவுக்கால் அடித்து, காலால் உதைத்தான். வைக்கோல் படுக்கையிலிருந்து ஒரு மாதத்திற்கு மேல் அவளால் எழுந்திருக்க இயலவில்லை.

அடுத்து ஒரு துருக்கிய படைத் தலைவரின் வீடு. அங்கே படைத்தலைவரின் மனைவிக்கும் தாய்க்கும் பணிவிடை செய்ய வேண்டும். சவுக்கடி விழாத நாளே இல்லை. ஒரு காயம் ஆறுமுன் அடுத்த காயம். அந்த வீட்டு எசமானிக்கு ஒரு விபரீத ஆசை தோன்றியது. தன் அடிமைப் பெண்களின் உடலில் கோலங்கள் பொறிக்க வேண்டும் என்பதே அது. வெள்ளை மாவால் கோடுகள் வரைந்து, அவற்றின் மேல் கத்தியால் கீறி, ஆறாமல் வடுவாய் நிற்கும்படி உப்பை அழுத்தித் தேய்த்தனர். பக்கிதாவின் உடலில் இவ்வாறு 114 கீறல்கள் இடப்பட்டன. அன்றே தான் இறந்துவிடுவோம் என்று அவள் எண்ணினாளாம்.

பெயரைப் பறித்தார்கள், பெற்றோரைப் பறித்தார்கள், பிறந்த ஊரைப் பறித்தார்கள், அவள் தோலைக்கூட அவளுடையது என்று விட்டுவைக்கவில்லை. இதற்கு மேல் பறிப்பதற்கு என்ன இருக்கிறது? இந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, என் தோழி கேட்ட கேள்வியே சரி என்று நினைத்தேன்.

அன்பான எசமானர்கள்

1883 ஆம் ஆண்டு கார்ட்டூம் நகரில் பக்கிதா மீண்டும் விற்பனைக்கு வந்தாள். இம்முறை அவளை வாங்கியவர் இத்தாலிய நாட்டுத் துணைத் தூதர் கலிஸ்தோ லெஞானி. அவர் வீட்டில் அவளுக்கு உடுக்க உடை கிடைத்தது. வேலை சொல்லும்போது எவர் கையிலும் சவுக்கு இல்லை. அது அவளுக்குப் பெரிய வியப்பாக இருந்தது.

அப்போது சூடானில் மாதி என்பவரின் தலைமையில் பெரும் கிளர்ச்சி மூண்டு, கார்ட்டூம் முற்றுகைக்குள்ளாயிற்று. லெஞானி தம் நாட்டுக்குத் திரும்ப முடிவு செய்தார். தன்னையும் அழைத்துச் செல்லும்படி பக்கிதா மன்றாடினாள். ஒட்டகத்தின் மேல் செங்கடல் துறைமுகமான சுவாக்கின் சென்று, அங்கிருந்து கப்பலேறி, 1885 ஆம் ஆண்டு இத்தாலியின் ஜெனோவா துறைமுகத்தை அடைந்தனர். உடன் வந்த நண்பர் அகுஸ்தோ மிக்கியேலியின் மனைவி மரியா தூரினா துறைமுகத்தில் காத்திருந்தார். ஆப்பிரிக்காவிலிருந்து தமக்கும் ஒரு பணிப்பெண்ணைக் கொண்டு வந்திருக்கலாமே என்று அந்த அம்மையார் குறைப்பட்டுக்கொண்டார். லெஞானி பக்கிதாவை அவர்களுக்குக் கொடுத்துவிட்டார்.

ஆம், கொடுத்துவிட்டார்! ஒரு கடிகாரத்தையோ கம்பளத்தையோ கொடுப்பது போல. அவர் கொடியவர் அல்லர், அடித்தவர் அல்லர். ஆயினும் உனக்கு விருப்பமா என்று அவளைக் கேட்கவில்லை. அன்பாக நடத்துவது வேறு. உரிமையை மதிப்பது வேறு என்பதை எனக்கு உணர்த்திய இடம் இதுதான். கிளியைத் தங்கக் கூண்டில் வைத்துப் பாலும் பழமும் ஊட்டுபவரும் கூண்டைத் திறப்பதில்லை அல்லவா?

வெனிஸ் நகருக்கு அருகே மிரானோ வட்டாரத்தில் சியானிகோ என்னும் ஊரில் மிக்கியேலி குடும்பம் வாழ்ந்தது. அங்கே ஒரு பெண் குழந்தை பிறந்தது. பெயர் ஆலிஸ், செல்லமாக மிம்மினா. குழந்தையை வளர்க்கும் பொறுப்பு பக்கிதாவுடையது. தாயை இழந்த பெண்ணும், அவள் மடியில் வளர்ந்த குழந்தையும் ஒருவர் மேல் ஒருவர் உயிராக இருந்தனர்.

மிக்கியேலி சுவாக்கினில் ஒரு தங்கும் விடுதியை வாங்கினார். அதனைக் கவனிக்க மனைவியும் செல்ல வேண்டியதாயிற்று. அந்தக் குடும்பத்தின் நிலபுலன்களை மேற்பார்த்த இல்லுமினாத்தோ கெக்கினி என்னும் நல்ல மனிதரின் யோசனைப்படி, 1888 ஆம் ஆண்டு பக்கிதாவும் மிம்மினாவும் வெனிஸ் நகரில் கனோசா அருட்சகோதரிகளிடம் ஒப்படைக்கப்பட்டனர். இச்சபை புனித மதலேன் கனோசா அம்மையாரால் 1808 ஆம் ஆண்டு வெரோனாவில் தொடங்கப்பட்டது. ஏழைச் சிறுமியருக்குக் கல்வி புகட்டுவது அதன் முதன்மையான பணி.

அங்கேதான் பக்கிதா கடவுளைப் பற்றிக் கேட்டறிந்தாள். சிறு வயதில் சூரியனையும் சந்திரனையும் விண்மீன்களையும் பார்த்து, இவற்றுக்கெல்லாம் உரிமையாளர் யாராக இருக்கும், அவரைக் காண வேண்டுமே என்று அவள் ஏங்கியதுண்டு. அவரே தன்னைப் படைத்தவர் என்றும், தன்னை மகளாக அன்பு செய்பவர் என்றும், அவரும் சவுக்கடி பட்டவர் என்றும் அருட்சகோதரிகள் கூறியபோது அவள் உள்ளம் உருகியது.

1889 நவம்பர் 29

ஓராண்டு கழிந்தது. மிக்கியேலி அம்மையார் மகளையும் பணிப்பெண்ணையும் அழைத்துச் செல்லத் திரும்பி வந்தார். சூடானுக்குப் புறப்படு என்றார். அப்போது யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. பக்கிதா முடியாது என்றாள்.

தோழியரே, இதைச் சற்று எண்ணிப் பாருங்கள். அவளுக்கு ஏறத்தாழ இருபது வயது. சொந்த பந்தம் இல்லை. கையில் காசு இல்லை. இத்தாலிய மொழியும் அரைகுறை. ஏழு வயது முதல், சொன்னதைச் செய்வதைத் தவிர வேறொன்றும் அவள் அறியாள். அம்மையார் மேல் அவளுக்கு நன்றியும் உண்டு. முடியாது என்று சொன்னால் தன் கைகளில் வளர்ந்த மிம்மினாவை இழக்க நேரும் என்பதும் தெரியும். அம்மையார் கெஞ்சினார், கோபித்தார், நன்றி கெட்டவள் என்று ஏசினார். நாள்கள் கடந்தன. பக்கிதா அசையவில்லை. கடவுளை முழுமையாக அறியும் முன் இந்த இடத்தை விட்டு வரமாட்டேன் என்பதே அவள் முடிவு.

மடத்தின் தலைவி சும்மா இருக்கவில்லை. வெனிஸ் மறைமுதுவர் கர்தினால் தொமேனிக்கோ அகொஸ்தினி அவர்களுக்குச் செய்தி அனுப்பினார். கர்தினால், அரசரின் வழக்கறிஞருக்குத் தெரிவித்தார். வழக்கு விசாரணைக்கு வந்தது. 1889 ஆம் ஆண்டு நவம்பர் 29 ஆம் நாள் தீர்ப்புக் கூறப்பட்டது.

அத்தீர்ப்பு என்ன? பக்கிதாவுக்கு விடுதலை அளிக்கிறோம் என்று நீதிமன்றம் கூறவில்லை. சூடானில் அடிமை முறை அவள் பிறக்கும் முன்பே சட்டத்தால் விலக்கப்பட்டது. இத்தாலியச் சட்டமோ அடிமை முறையை ஒருபோதும் ஏற்றதில்லை. ஆகவே பக்கிதா எந்நாளும் அடிமையாக இருந்ததே இல்லை என்று நீதிமன்றம் கண்டது.

இதைப் படித்தபோது என் மெய் சிலிர்த்தது. இருந்ததே இல்லை! அப்படியானால் அந்தச் சந்தைகள்? அந்தச் சங்கிலிகள்? அந்த 114 வடுக்கள்? அவையெல்லாம் உண்மைதான். ஆனால் அவற்றுள் ஒன்றும் அவளை அடிமையாக ஆக்கவில்லை. அவை அனைத்தும் ஒரு சுதந்திரப் பெண்ணுக்கு இழைக்கப்பட்ட குற்றங்கள்.

எங்கள் ஆசிரியை இதை ஓர் எளிய உவமையால் விளக்கினார். ஒரு வீட்டிலிருந்து ஒரு சங்கிலி திருடு போகிறது. திருடியவன் ஒருவனுக்கு விற்கிறான். அவன் இன்னொருவனுக்கு விற்கிறான். ஐந்தாவதாக அதை வாங்கியவர் நல்லவராக இருக்கலாம். முழு விலை கொடுத்திருக்கலாம். அதைப் பட்டுத் துணியில் சுற்றிப் பத்திரமாக வைத்திருக்கலாம். அதனால் அது அவருடையதாகிவிடுமா? எத்தனை கை மாறினாலும் திருட்டு நகை உடையவருக்கே உரியது. நகைக்கே இந்த நியாயம் என்றால், மனிதருக்கு? பக்கிதாவை விற்றவர்களில் எவருக்கும் அவள் சொந்தமாக இருந்ததில்லை. சொந்தமில்லாத ஒன்றை விற்கவும் முடியாது, வாங்கவும் முடியாது, அன்பளிப்பாகக் கொடுக்கவும் முடியாது.

ஆயினும் இங்கே ஒன்றைச் சிந்திக்க வேண்டும். நீதிமன்றம் சட்டத்தைக் காட்டியே தீர்ப்பளித்தது. அடிமை முறையைச் சட்டமே அனுமதித்த நாடாக இருந்திருந்தால்? பிரேசில் நாட்டில் 1888 ஆம் ஆண்டு வரை அனுமதித்தது. அங்கே கிறிஸ்தவர்களே கிறிஸ்தவர்களை அடிமைகளாக வைத்திருந்தார்கள் என்பதை நாம் வெட்கத்துடன் ஒப்புக்கொள்ள வேண்டும். அதே 1888 ஆம் ஆண்டில் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் பிரேசில் ஆயர்களுக்கு அடிமைத்தனத்தைக் கண்டித்து மடல் எழுதினார். சட்டம் அனுமதித்ததால் அந்த மக்கள் உரிமையற்றவர்கள் ஆகிவிட்டார்களா? இல்லை. சட்டமே தவறாக இருந்தது. சட்டம் தவறு என்று நாம் சொல்ல முடிகிறதென்றால், சட்டத்துக்கும் முந்திய ஒன்று இருக்கிறது என்றுதான் பொருள். அந்த ஒன்றுதான் கடவுள் மனிதருக்குப் பிறவியோடு தந்த மாண்பு.

தீர்ப்பு நாளன்று மிம்மினாவைப் பிரிந்தபோது பக்கிதா மிகவும் வேதனைப்பட்டார். உரிமையைப் பெறுவதிலும் கண்ணீர் உண்டு. ஆனால் வாழ்க்கையில் முதல் முறையாக, எங்கே இருப்பது என்பதை அவரே தேர்ந்தெடுத்தார். மடத்திலேயே தங்கினார்.

அன்னை பக்கிதா

1890 ஆம் ஆண்டு ஜனவரி 9 ஆம் நாள் கர்தினால் அகொஸ்தினி அவருக்கு ஞானஸ்நானம் அளித்தார். ஜோசப்பின் மார்கரெட் ஃபோர்த்துனாத்தா என்று பெயரிடப்பட்டது. ஃபோர்த்துனாத்தா என்பதும் பேறு பெற்றவள் என்னும் பொருளுடையதே. கடத்தியவர்கள் இட்ட பெயர், திருமுழுக்குத் தொட்டியில் உண்மையாயிற்று. பின்னாளில் அவர் அத்தொட்டியை முத்தமிட்டு, இங்கேதான் நான் கடவுளின் மகளானேன் என்று மகிழ்வார்.

1893 ஆம் ஆண்டு நவதுறவியாகச் சேர்ந்து, 1896 டிசம்பர் 8 அன்று வார்த்தைப்பாடு கொடுத்தார். எசமானர்களிடமிருந்து தப்பியவர் மீண்டும் கீழ்ப்படிதலைத் தேடிச் செல்வானேன் என்று சிலர் கேட்கலாம். வேறுபாடு பெரிது. முன்பு அவரைப் பிறர் கொடுத்தனர். இப்போது அவரே தம்மைக் கொடுத்தார். தம்முடையதாக இருப்பதைத்தானே ஒருவர் காணிக்கையாக்க முடியும்? கடவுளை அவர் எசமானர் என்று பொருள்படும் வெனிஸ் வட்டாரச் சொல்லால்தான் அன்போடு அழைப்பார். அச்சொல்லைக் கேட்டு அஞ்சி நடுங்கியவர், அதையே தம் செபமாக்கிக்கொண்டார்.

1902 ஆம் ஆண்டு ஸ்கியோ என்னும் ஊரில் உள்ள மடத்துக்கு அனுப்பப்பட்டார். சமையல், தையல், சிற்றாலயப் பணி, வாயிற்காவல் ஆகியவையே அவர் வேலைகள். மடத்தின் பள்ளிக்கு வரும் குழந்தைகளின் தலை மேல் கை வைத்து ஆசீர்வதிப்பார். முதலில் அவருடைய கரிய நிறத்தைக் கண்டு அஞ்சிய குழந்தைகள், அந்தக் குரலின் இனிமையைக் கேட்டு ஓடி வந்து ஒட்டிக்கொள்வார்களாம். ஊரார் அவரைக் கறுப்பு அன்னை என்று பாசத்துடன் அழைத்தனர். 1931 ஆம் ஆண்டு அவருடைய வரலாறு நூலாக வெளிவந்தது. அவர் புகழ் இத்தாலி முழுதும் பரவியது. பின்னர் இத்தாலியின் பல ஊர்களுக்கும் சென்று மறைப்பணிக்காகப் பேசினார். புகழ் அவரை மாற்றவில்லை. துடைப்பத்தையும் தையலூசியையும் அவர் கீழே வைக்கவில்லை.

தம்மைக் கடத்தியவர்களை மீண்டும் கண்டால் என்ன செய்வீர்கள் என்று ஒருமுறை கேட்டபோது, முழந்தாளிட்டு அவர்கள் கைகளை முத்தமிடுவேன், அது நடந்திராவிட்டால் நான் கிறிஸ்தவளாகவோ துறவியாகவோ ஆகியிருக்க மாட்டேன் என்று பதிலளித்தார். இந்தப் பதில் முதலில் எனக்குப் பிடிக்கவில்லை. கொடியவர்களை இப்படி விட்டுவிடலாமா என்று கோபம் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தேன். அவர்கள் செய்தது சரி என்று அவர் ஒருபோதும் சொல்லவில்லை. திரும்பி வா என்று அழைத்த அம்மையாரிடம் அவர் போகவும் இல்லை. மன்னிப்பது வேறு, உரிமையை விட்டுக்கொடுப்பது வேறு. தவிரவும், ஒரு பொருளால் எவரையும் மன்னிக்க முடியாது. உடைந்த பூச்சாடி தன்னை உடைத்தவரை மன்னிக்குமா? தனக்கு நீதி உரியது என்று அறிந்தவரே மன்னிக்க முடியும். அவர் மன்னித்ததே, அவர் யாருடைய பொருளும் அல்லர் என்பதற்குச் சான்று.

கடைசி ஆண்டுகளில் நோயுற்றுச் சக்கர நாற்காலியில் இருந்தார். மரணப் படுக்கையில் நினைவு தடுமாறியபோது, தம்மைப் பராமரித்த சகோதரியிடம், சங்கிலிகள் கனமாக இருக்கின்றன, சற்றுத் தளர்த்துங்கள் என்று கேட்டுக்கொண்டாராம். கடத்தப்பட்டு எழுபது ஆண்டுகளாகியும் அந்தச் சங்கிலி உள்ளத்தின் ஆழத்தில் கிடந்தது. இறுதியில் தேவ அன்னையை அழைத்து முகம் மலர்ந்து, 1947 ஆம் ஆண்டு பிப்ரவரி 8 ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார்.

அவர் மறைந்த மறு ஆண்டு, 1948 டிசம்பர் 10 அன்று, ஐக்கிய நாடுகள் பொதுச் சபை உலக மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றது. எவரையும் அடிமையாக வைத்திருத்தல் கூடாது என்று அதன் நான்காம் பிரிவு கூறுகிறது. திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1992 ஆம் ஆண்டு பக்கிதாவுக்கு முத்திப்பேறு பட்டமும், 2000 ஆம் ஆண்டு அக்டோபர் 1 அன்று புனிதர் பட்டமும் அளித்தார். 2015 ஆம் ஆண்டு முதல் அவருடைய திருநாளான பிப்ரவரி 8, மனித வணிகத்துக்கு எதிரான உலக செப நாளாகக் கொண்டாடப்படுகிறது.

எங்கள் விடை

மறு வகுப்பில் நாங்கள் விடை கூறினோம். பறிக்க முடியாத உரிமை என்றால் எவரும் மிதிக்க முடியாத உரிமை என்று பொருளன்று. மிதிக்கலாம், பூட்டலாம், சவுக்கால் அடிக்கலாம். ஆனால் எவ்வளவு மிதித்தாலும் அது மிதிபட்டவரை விட்டு நீங்குவதில்லை. நீங்கிவிடுமானால், பக்கிதாவைப் பிடித்த முதல் நாளோடு எல்லாம் முடிந்திருக்கும். அதற்குப் பின் விழுந்த சவுக்கடிகளைக் குற்றம் என்று சொல்ல நமக்கு வாயே இருந்திராது. அது நீங்காமல் இருப்பதனாலேயே ஒவ்வோர் அடியும் அநீதி.

கேள்வி கேட்ட அதே தோழி மீண்டும் எழுந்தாள். உரிமை இருந்தும் அந்த 114 கீறல்களை அது தடுக்கவில்லையே, அப்படிப்பட்ட உரிமையால் என்ன பயன் என்று கேட்டாள். இதற்கு எங்களில் எவருக்கும் உடனே விடை தெரியவில்லை. நான் வீட்டுக்குச் சென்று இரண்டு நாள் யோசித்தேன். உரிமை தானாக நடந்து வந்து ஒருவரைக் காப்பதில்லை. கெக்கினி வழி காட்டினார். மடத்தின் தலைவி மறுக்கும் பெண்ணுக்குத் துணை நின்றார். கர்தினால் கடிதம் அனுப்பினார். நீதிபதி சட்டத்தைப் பார்த்தார். இவர்களில் எவரும் பக்கிதாவுக்கு உரிமையைத் தரவில்லை. அவரிடம் இருந்ததைக் கண்டுகொண்டார்கள், அவ்வளவே. டார்ஃபூரிலும் எல் ஒபைத்திலும் கண்டுகொள்ள ஒருவரும் இல்லை. உரிமை அவருடையது, அதைக் கண்டு மதிக்கும் கடமை மற்றவர்களுடையது. கடமை தவறும் இடத்தில்தான் உரிமை அழுகிறது.

இதை எழுதி முடிக்கும் முன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் வீட்டில் பாத்திரம் துலக்க வரும் ஆயாவை நான் சிறு வயது முதல் அறிவேன். எனக்குச் சோறு ஊட்டியவர். காய்ச்சலில் என் அருகில் உட்கார்ந்திருந்தவர். பக்கிதாவின் தொலைந்துபோன பெயரைப் பற்றிப் படித்த அன்று, இந்த ஆயாவின் பெயர் எனக்குத் தெரியாது என்பது சட்டென்று உறைத்தது. நாங்கள் அவரிடம் அன்பாகத்தான் இருக்கிறோம். லெஞானியும் அன்பாகத்தான் இருந்தார். அன்று மாலை அவரிடம் பெயரைக் கேட்டேன். இத்தனை நாள் கழித்து என்னம்மா புதிதாக என்று சிரித்துவிட்டுச் சொன்னார். அழகான பெயர். அதை இந்த மலரில் எழுதலாமா என்று கேட்டதற்கு, வேண்டாம் என்று வெட்கத்துடன் மறுத்துவிட்டார். ஆகவே எழுதவில்லை. வேண்டாம் என்று சொல்வது அவர் உரிமை.

புனித ஜோசப்பின் பக்கிதாவே, தங்கள் பெயரையும் ஊரையும் இழந்து எங்கோ அழுதுகொண்டிருக்கும் குழந்தைகளுக்காகவும், அவர்களைக் காணாமல் கடந்து போகும் எங்களுக்காகவும் வேண்டிக்கொள்ளும்.